இரண்டாம் தர வருத்தம்

எங்கள் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்துகளைப் பழுதுபார்க்க ஒன்பது பேர் இருக்கிறார்கள். பேருந்துகள் பழுதானதற்கு வருத்தம் தெரிவிக்க முப்பத்தொரு பேர் இருக்கிறார்கள். இதில் குறை காண்பவர்களுக்கு நிர்வாகம் புரியவில்லை என்று அர்த்தம். ஒரு வண்டியைச் சரிசெய்தால் அந்த ஒரு வண்டிதான் ஓடும். ஒரு வருத்தத்தை ஒழுங்காகத் தயாரித்துவிட்டால் அதை எத்தனை வண்டிக்கு வேண்டுமானாலும் மாட்டலாம்.

நான் இந்தக் கழகத்தில் பத்தொன்பது வருடமாக ஓட்டுநர். பதினேழாம் தடம். சுமாராக ஓட்டுவேன். கொஞ்சம் தொந்தி உண்டு. மீசைக்குச் சாயம் போடுவேன். இந்தக் கடைசித் தகவலை நான் மறைத்திருப்பேன். ஆனால் எல்லா வினையும் அதிலிருந்துதான் ஆரம்பமாயிற்று.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவள், என் மச்சினர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏண்டா, மீசைக்கு இவ்வளவு பாலிஷ் போட்டியே, மிச்சத்தை அந்த ஷூவுக்குப் போட்டிருக்கக் கூடாது?"

மச்சினர்கள் சிரித்தார்கள். கடைசி மச்சினனுக்குப் புரையேறிவிட்டது. பெருந்தன்மையாக நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். நாற்பத்தேழு வயதில் உருப்படியாகக் கோபித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைப்பது அபூர்வம். கிடைத்ததை வீணாக்க மனம் வரவில்லை.

பதினாறாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு நூலக நிறுத்தத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி மடிப்புக் கலையாத உடை, கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. என் வண்டியைப் பார்த்ததும் கையைத் தூக்கினாள். நடத்துநர் நிறுத்தச் சொல்லி ஒற்றை விசில் அடித்தார். என் கால் பிரேக்குக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்ததை மிதித்தது. 'அடுத்த வண்டியில வரட்டும்' என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்தது இவ்வளவுதான். ஒன்றரை விநாடி வேலை.

நடத்துநர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தார். "ஏண்ணே நிறுத்தல? உங்க அக்கா மாதிரி இருந்துச்சே?"

"மாதிரிதான்," என்றேன்.

அடுத்த வண்டி வழியிலேயே படுத்துவிட்டது. அதற்கடுத்தது நாற்பத்தேழு நிமிடம் கழித்து வந்தது. அக்கா போய்க்கொண்டிருந்தது சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் பதவிக்கான பரீட்சைக்கு. ஏழு வருடத்துக்கு ஒருமுறை வைப்பார்கள். வயது வரம்பு காரணமாக அவளுக்கு இதுதான் கடைசி. ஒன்பதரைக்குக் கேட்டைச் சாத்தினார்கள். அவள் ஒன்பது முப்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மேற்பார்வையாளருக்கு ஜன்னல் வைத்த தனி அறை உண்டு. இருபத்தெட்டு வருடமாக நீராவிக்குள் துணி அவிக்கிறவளுக்கு ஜன்னல் என்பது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

போனில் கூப்பிட்டு என்னைக் கிழித்திருக்கலாம். வீடு தேடி வந்து அந்த மீசையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அக்கா இரண்டையும் செய்யவில்லை. கழகத்துக்கு ஒரு புகார் மனு எழுதிப் போட்டாள். மூன்றாம் நாள் டெப்போவில் அதன் நகலை என் கையில் கொடுத்தபோதுதான் பரீட்சை விஷயமே எனக்குத் தெரிந்தது. 'பதினேழாம் தட ஓட்டுநர் என்னைப் பார்த்தும் வண்டியை நிறுத்தவில்லை' என்று எழுதியிருந்தாள். ஓட்டுநராம். தம்பி என்ற சொல் மேலிருந்து கீழ்வரை ஓரிடத்திலும் இல்லை.

காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வருத்தக் கண்காணிப்பாளர் மறித்தார். கழகத்தின் வருத்தப் பிரிவுக்குத் தலைவர் அவர். முகத்தில் எப்போதும் ஒரு பொதுவான சோகம் இருக்கும், யாருக்கென்று குறிப்பிட்டிருக்காது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அக்கா வீட்டுக்கு சார். மன்னிப்புக் கேக்கணும்."

பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். "மன்னிப்பா? நீங்களா? யார் கொடுத்த அதிகாரம்?"

என்னை அவர் அறைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தி, விதி பதினாலை வாசித்தார். 'புகார் பதிவான பின், கழகத்தின் அதிகாரபூர்வ வருத்தம் வெளியாகும்வரை, எந்தப் பணியாளரும் புகார்தாரரிடம் நேரிலோ, தொலைபேசியிலோ, உறவினர் மூலமோ, முகபாவத்தின் மூலமோ மன்னிப்புக் கேட்கலாகாது. மீறுவோர் பணிநீக்கம் செய்யப்படுவர்.'

"முகபாவம்னா எப்படி சார்?"

"வாடின மூஞ்சி. போன வருஷம் ஒரு நடத்துநர், கதவுல கை நசுங்கின ஆள் முன்னாடி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுட்டான். அதை யாரோ படம் எடுத்துட்டாங்க. கழகமே தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

"தப்பு நம்மதுதானே சார்?"

"அதனாலதாங்க ஆபத்து!" என்றார். "தப்பு நம்மது இல்லேன்னா தாராளமா மன்னிப்புக் கேளுங்க. யாரு வேணாங்கறா?"

"சார், அவ என் கூடப் பிறந்த அக்கா."

"அப்ப ரொம்ப மோசம். சொந்தம்னா உணர்ச்சி வந்துடும். உணர்ச்சி வந்தா உண்மை வந்துடும். அப்புறம் யாரு அள்ளுறது?"

பிறகு என்மேல் இரக்கப்பட்டு அட்டவணையை விரித்துக் காட்டினார். கழகத்தின் வருத்தம் நான்கு தரங்களில் கிடைக்கும். இருபது நிமிடத் தாமதம்வரை முதல் தரம்: வருத்தம். அறுபது நிமிடம்வரை இரண்டாம் தரம்: ஆழ்ந்த வருத்தம். அதற்கு மேல் மூன்றாம் தரம்: மிக ஆழ்ந்த வருத்தம். எலும்பு முறிந்தால் நான்காம் தரம். அதில் 'உங்கள் வலியை உணர்கிறோம்' என்று ஒரு வரி கூடுதலாக வரும். எந்த எலும்பு என்பதைப் பொறுத்து அந்த வரி தடித்த எழுத்தில் அச்சாகும்.

"மன்னிப்பு எந்தத் தரம் சார்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "அது இரும்பு அலமாரில இருக்கு. கழகம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரே ஒரு தடவைதான் வெளிய எடுத்திருக்கோம். அதுவும் கவனக்குறைவா. அப்புறம் அந்த மன்னிப்பைக் கேட்டதுக்காகக் கழகம் வருத்தம் தெரிவிச்சுது."

என் அக்காவுக்கு விதிப்படி இரண்டாம் தரம் ஒதுக்கப்பட்டது. ஆனால் உடனே கொடுத்துவிட முடியாது. இழப்பைச் சரிபார்க்க வேண்டும். இழப்புகளின் பட்டியலில் குடை, செருப்பு, பல், கண்ணாடி, கோழி எல்லாம் இருந்தன. பரீட்சை இல்லை. அதை 'இதர பொருட்கள்' என்று பதிந்துகொண்டார்கள்.

அந்தச் சரிபார்ப்பில் என்ன நடந்தது என்பதை அடுத்த வாரம் என் மனைவி சொன்னாள். அவள் அக்கா வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். மன்னிப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தேன்.

"உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேர் வந்தாங்களாம். தொலைஞ்சுபோன பரீட்சையைக் காட்டுங்கன்னு கேட்டாங்களாம்."

"அக்கா என்ன பண்ணினா?"

"என்ன பண்ணுவாங்க பாவம், ஹால் டிக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்காங்க. ரெண்டு பேரும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'கிழியல, கசங்கல, பொருள் நல்ல நிலையில இருக்கு'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்களாம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"அந்த ஓட்டுநர் நல்லா இருக்காரான்னு கேட்டாங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள்.

"விதி, விதிங்கறீங்களே," என்றாள் அடுப்பைத் துடைத்தபடி. "நேரா போய் ஒரு வார்த்தை சொன்னா யாரு பாக்கப்போறா? உங்க அக்கா போட்டுக் கொடுத்துடுவாங்களா?"

"வேலை போயிடும்டி."

"வேலை போயிடும்னு பயமா, அவங்க மூஞ்சியப் பாக்கணும்னு பயமா?"

இதற்கு நான் கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். உண்மையைச் சொன்னால், அந்த விதி எனக்கு மெத்தை மாதிரி வசதியாக இருந்தது. பதினாலாம் விதி இல்லாவிட்டால் நான் அக்காவின் கண்ணைப் பார்த்து, 'மீசையைப் பற்றிச் சொன்னதற்காக உன் பிழைப்பில் மண்ணைப் போட்டேன்' என்று சொல்லியாக வேண்டும். கழகம் அதை எனக்குத் தடை செய்து புண்ணியம் கட்டிக்கொண்டது. இப்படிப்பட்ட நிறுவனங்களை யாரோ வானத்திலிருந்து கொண்டுவந்து இறக்குவதாக நாம் பேசிக்கொள்கிறோம். என்னைப் போன்றவர்களுக்குத் தேவைப்பட்டதால் கட்டப்பட்டவை அவை.

அக்கா பேருந்தில் ஏறுவதை விட்டுவிட்டாள். காலையில் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். நான் வண்டியோடு அவளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைப்பேன். அவள் திரும்ப மாட்டாள். ஒரே ஒரு நாள் திரும்பினாள். விதி நினைவுக்கு வந்துவிட்டது. முகம் வாடிவிடக் கூடாதே என்று பல்லைக் காட்டிச் சிரித்தபடி அவளைக் கடந்து போனேன். கண்ணாடியில் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டிருந்தாள்.

இதற்கிடையில் வருத்தத்தின் வாசகம் மேசை மேசையாக நகர்ந்தது. முதலில் எழுதியது ஒரு புது குமாஸ்தா. 'பதினேழாம் தட ஓட்டுநர் நூலக நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தாததால் தாங்கள் பரீட்சையைத் தவறவிட்டதற்கு வருந்துகிறோம்' என்று விவரம் தெரியாமல் எழுதிவிட்டார். அவரைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஓட்டுநர் என்று சொன்னால் ஓட்டுநர் என ஒருவர் இருப்பது உறுதியாகிவிடும் என்று சட்டப் பிரிவு அந்தச் சொல்லை அடித்தது. நிறுத்தம் நகராட்சிக்குச் சொந்தமானது, அதற்கு நாம் ஏன் வருந்த வேண்டும் என்று கட்டடப் பிரிவு நூலகத்தை அடித்தது. பரீட்சையைக் கோப்பில் யாரும் பார்க்கவில்லை என்பதால் அதுவும் போயிற்று. ஐந்து வாரம் கழித்து, பதினோரு கையெழுத்துகளோடு வாசகம் இப்படி வெளிவந்தது:

'ஏதோ ஓர் இடத்தில் ஏதோ ஒன்று நிகழ்ந்ததாக எவரேனும் உணர்ந்திருப்பின், அவ்வுணர்வு குறித்துக் கழகம் ஆழ்ந்த வருத்தம் கொள்கிறது.'

கண்காணிப்பாளர் இதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான வருத்தம் பாத்ததில்லைங்க," என்றார்.

இரண்டாம் தரத்திலிருந்து விழா எடுப்பது வழக்கம். விழாவில் சம்பந்தப்பட்ட பணியாளரும் மேடையில் நிற்க வேண்டும். அதற்கு முன் பயிற்சி. பழைய டயர் கிடங்கில் நாலு நாள்.

பயிற்சியாளரை ஓட்டுநர்கள் எல்லோரும் கோணமானி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு முழ அகலத்துக்கு மரத்தாலான கோணமானி வைத்திருப்பார். நாற்காலி ஒன்றில் ஒரு டயரைச் சாய்த்துவைத்து, "இதுதான் புகார்தாரர். இதைப் பாத்து வருந்துங்க," என்றார்.

நான் குனிந்தேன். அவர் என் இடுப்பில் கோணமானியை வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தஞ்சு! அவ்வளவு எதுக்குக் குனியறீங்க? இருபதுக்கு மேல போனா குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி. பத்துக்குக் கீழ போனா சில்லறை தேடற மாதிரி. ரெண்டாம் தரத்துக்குப் பதினெட்டு. மூச்சை விடாதீங்க. மூச்சு விட்டா பெருமூச்சுன்னு எழுதிடுவாங்க."

மேடையில் நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: 'மேற்படி வருத்தத்தை நானும் வழிமொழிகிறேன்.' அதை டயரிடம் நாற்பது தடவை சொன்னேன். மூன்றாம் நாள் என்னையறியாமல் "தப்புதான்" என்று வாயில் வந்துவிட்டது. கோணமானி மதிப்பெண் தாளில் பதினைந்தைக் குறைத்தார். டயர் ஒன்றும் சொல்லவில்லை.

என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த நடத்துநர் ஒருவர் இதற்குமுன் ஆறு முறை தேறியவர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. அவர் டயர் முன்னால் நின்று 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு' என்று ஆரம்பித்தால் மற்றவர்கள் கைவேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். இடைவேளையில் அவரிடம் கேட்டேன்.

"வீட்லயும் இதே மாதிரிதானாண்ணே?"

"அதை ஏன் கேக்கறீங்க. பொண்டாட்டியோட ஒரு சண்டை. சரி, நமக்குத்தான் வித்தை தெரியுமேன்னு அவ முன்னாடி போய் நின்னேன். 'ஏற்பட்ட அசௌகரியத்துக்கு'ன்னு ஆரம்பிச்சேன். பொட்டியைத் தூக்கிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. நாலு மாசமாச்சு." தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. "கோணமெல்லாம் சரியாத்தாங்க இருந்துச்சு," என்றார்.

விழா கழகத்தின் மண்டபத்தில் நடந்தது. மேடையில் பூச்செண்டு, தண்ணீர் பாட்டில்கள், பொது மேலாளர். முன்வரிசையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலையிலிருந்து பாதியில் வந்திருக்கிறாள். விரல் நுனிகள் சோப்பில் ஊறி வெளுத்திருந்தன. செருப்பில் தூசி. அழைப்பிதழில் 'கழகப் பேருந்தில் வந்து சேரவும்' என்று போட்டிருந்தார்கள். கால்நடையாகத்தான் வந்தாள் என்று தெரிந்தது.

பொது மேலாளர் பேச எழுந்தார்.

"அன்பார்ந்த பயணிகளே! வேற எந்த நகரத்துலயாவது ஒரு பேருந்து நிக்கலேன்னா விழா எடுக்கறாங்களா? நாங்க எடுக்கறோம். போன வருஷம் நாலாயிரம் வருத்தம் தெரிவிச்சோம். இந்த வருஷம் ஆறாயிரம். அடுத்த வருஷத்து இலக்கு பத்தாயிரம்! இதை எட்டணும்னா ஓட்டுநர்கள் ஒத்துழைக்கணும். எல்லா ஸ்டாப்லயும் நிறுத்திக்கிட்டே போனா நாங்க எதுக்கு வருந்தறது?"

வருத்தப் பிரிவின் முப்பத்தொரு பேரும் கைதட்டினார்கள்.

"சில பேர் கேக்கறாங்க, வண்டியை ஒழுங்கா விட்டா போதாதான்னு. ஒழுங்கா விட்டா பயணி ஏறுவார், இறங்குவார், போயிடுவார். நமக்கும் அவருக்கும் என்ன உறவு? வருத்தம் தெரிவிக்கும்போதுதான் உறவு மலருது. இந்த அம்மாவைப் பாருங்க. அன்னிக்கு வண்டி நின்னிருந்தா இவங்களுக்கு இந்தப் பூச்செண்டு கிடைச்சிருக்குமா? என்னைப் பக்கத்துல பாத்திருப்பாங்களா? ஒரு விதத்துல இவங்க அதிர்ஷ்டசாலி. பயணிகளுக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. திடீர்னு கையைத் தூக்கினா ஓட்டுநர் பதறிடறார். கொஞ்சம் முன்னாடியே, முடிஞ்சா முந்தின நாளே, தெரிவிச்சா நல்லது."

பதினெட்டு நிமிடம் பேசினார். கடைசியில் வாசகத்தைப் படித்து, உறையிலிட்டு, இறங்கி வந்து பூச்செண்டோடு அக்காவிடம் கொடுத்தார். அக்கா உறையைப் பிரித்துப் படித்தாள். மறுபக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாள். மடித்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

கண்காணிப்பாளர் என் முதுகைத் தள்ளினார். நான் ஒலிபெருக்கி முன்னால் போனேன். கோணமானி பக்கவாட்டில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னை அளந்தார். பதினெட்டு பாகை குனிந்தேன். "மேற்படி" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். ஆறு வாரத்தில் அவளுடைய முகத்தை நின்று நேராக நான் பார்த்தது அப்போதுதான். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். இவனும் அதைத்தான் படிக்கப்போகிறான் என்று தெரிந்துகொண்டு, கேட்டு முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பத் தயாராக இருந்தாள். இந்த வரியைச் சொல்லிவிட்டால் எனக்கு வேலை இருக்கும், பென்ஷன் இருக்கும், ஓட்டுநர் என்ற பெயரும் சாகும்வரை இருக்கும்.

"அக்கா," என்றேன். "நான் பாத்தேன். நீ கையைத் தூக்கினதைப் பாத்தேன். நீதான்னு தெரிஞ்சுதான் நிறுத்தாமப் போனேன். மச்சினனுங்க முன்னாடி மீசையைப் பத்திச் சொன்னேல்ல, அந்தக் கோவம். பரீட்சைன்னு தெரியாது. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. நீ சும்மா காத்து வாங்கப் போறதா இருந்தாலும் நான் நிறுத்தியிருக்கணும். உன் கடைசி வாய்ப்பு என்னாலதான் போச்சு. அதைத் திருப்பித் தர எங்கிட்ட ஒண்ணும் இல்ல. தப்பு என்னுதுக்கா. என்னை மன்னிச்சுடு."

பாதியிலேயே ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள். பத்தொன்பது வருடம் டீசல் இன்ஜினுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை. யாருக்கும் ஒரு வார்த்தைகூடத் தவறியிருக்காது.

பொது மேலாளர் கண்காணிப்பாளரின் பக்கம் சாய்ந்தார். "இது எந்தத் தரம்?"

"அட்டவணையிலேயே இல்ல சார்," என்றார் அவர். கோணமானியைப் பார்த்தேன். அவர் அளப்பதை விட்டுவிட்டிருந்தார்.

அக்கா எழுந்து மேடைக்கு அருகில் வந்தாள். கண்காணிப்பாளர் அவசர அவசரமாகப் பதிவேட்டைத் திறந்து, பேனாவை நீட்டினார். "அம்மா, இவர் பேசினது கழகத்தோட கருத்து இல்ல. நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. வருத்தம் பெற்றுக்கொண்டேன்னு."

"யாரோட வருத்தம்?"

"கழகத்தோடது."

"கழகம் இன்னும் எதுவும் சொல்லலையே."

பொது மேலாளருக்கு முகம் சிவந்தது. "இப்பத்தானேம்மா அவ்வளவு நேரம் பேசினேன்?"

"பேசினீங்க. கேட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேங்க. அன்னிக்கு நான் எந்த ஸ்டாப்புல நின்னேன்?"

பொது மேலாளர் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் கோப்பைப் புரட்டினார். அறுபத்திரண்டு பக்கம். கட்டடப் பிரிவு மிகவும் கவனமாக வேலை செய்திருந்தது, ஓரிடத்திலும் விட்டுவைக்கவில்லை.

"என்னத்துக்குப் போனேன்? அதாவது தெரியுமா?"

"இதர பொருட்கள்..." என்று கண்காணிப்பாளர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"இவன் சொன்னது இவனுக்கும் எனக்கும்," என்றாள் அக்கா. "அதை நாங்க பாத்துக்கறோம். பின்னாடி வரவேண்டிய வண்டி எங்க போச்சுன்னு நீங்கதான் சொல்லணும். அதைச் சொல்லிட்டு வாங்க, கையெழுத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்." பூச்செண்டைப் பொது மேலாளர் கையிலேயே வைத்தாள்.

"அம்மா, அம்மா, கையெழுத்து இல்லேன்னா இந்த வருஷக் கணக்குல ஒண்ணு குறைஞ்சுடுமே!" கண்காணிப்பாளரின் கண் கலங்கிவிட்டது. அந்த மண்டபத்தில் அன்று கழகத்தின் தரப்பில் வெளிப்பட்ட உண்மையான வருத்தம் அது ஒன்றுதான்.

நான் மேடையிலிருந்து இறங்குவதற்குள் பணியிடைநீக்க உத்தரவு தயாராகிவிட்டது. வருத்தங்களுக்கு ஐந்து வாரம் எடுத்துக்கொள்ளும் அலுவலகம் இதற்கு நாலே நிமிடம் எடுத்துக்கொண்டது. 'முன் அனுமதியின்றி உண்மை கூறியமைக்காக' என்று காரணத்தை மறைக்காமல் எழுதியிருந்தார்கள். கீழே முதல் தர வருத்தம் ஒன்றும் தெரிவித்திருந்தார்கள்.

வெளியே வந்தோம். அக்கா முன்னால் வேகமாக நடந்தாள். நான் தொந்தியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"அக்கா, மன்னிச்சுட்டியா?"

"இல்ல."

கொஞ்ச தூரம் நடந்தோம்.

"போன வாரம் புது மேற்பார்வைக்காரி வந்தா," என்றாள் திரும்பாமலே. "என்னைவிட இருபது வயசு சின்னவ. அக்கா அக்கான்னு மரியாதையாத்தான் பேசறா. நல்ல பொண்ணு. கெட்டவளா இருந்தாலாவது திட்டிட்டு ஆறியிருப்பேன். அவ அந்த ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதைப் பாத்துக்கிட்டே நான் துணி தூக்கறேன். ஒரு வார்த்தை சொன்னே, சரி. அதுக்காக இது ஒரு நாள்ல தீர்ந்துடுமாடா?"

"தீராதுக்கா."

"அஞ்சு மணிக்கு வேலை விடும். அஞ்சரைக்கு வீட்ல இருப்பேன். தினம் வந்து வாங்கிட்டுப் போ."

இப்போது விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. எனக்கு வண்டி கிடையாது. அதனால் எல்லா இடத்துக்கும் நேரத்துக்குப் போய்விடுகிறேன். தினமும் ஐந்தரைக்கு அக்கா வீட்டு வாசலில் நிற்கிறேன். கதவைத் திறந்து, என்னை அங்கேயே நிற்கவைத்துத் திட்டுகிறாள். முதல் வாரம் முழுவதும் பரீட்சை. இரண்டாவது வாரம், நான் வண்டியிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டு போன அந்தக் காலை. அதற்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தார்; இப்போது பழகிவிட்டார். எத்தனை பாகை குனிந்திருக்கிறேன் என்று யாரும் அளப்பதில்லை. திட்டி முடித்ததும் "சரி, போ" என்பாள். கதவு சாத்திக்கொள்ளும்.

நேற்றும் போனேன். அக்கா ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் வந்தது. மூன்றாவதின் நடுவில் நிறுத்திவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உள்ள வந்து உக்காரு," என்றாள். "இன்னிக்கு நிறைய இருக்கு."